சார்ஜ் ஏறும் வரை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தங்கபுஷ்பம் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் எவ்வளவு மீன் வாங்குகிறாள் என்பதைப் பார்த்தே, அடையாறில் இருக்கும் அவள் மகனின் காரில் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு கிலோ வஞ்சிரம் என்றால் பாட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது, மகனும் மருமகளும் வருகிறார்கள். கால் கிலோ சங்கரா என்றால் அவன் வாரத்தின் நடுவே வெளியே எங்கோ காசு கொடுத்து ஏற்றிக்கொண்டுவிட்டான், வரமாட்டான்.

மீன்காரி தேவானைக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. அளவைப் பற்றித் தெரியும். பையை வாங்கும்போதே கேட்பாள்.

"இன்னாமா, பையன் வர்றானா, இல்ல நீ மட்டுந்தானா?"

"வர்றான்" என்று சொல்வதில் தங்கபுஷ்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தால் வஞ்சிரத்தின் விலை கொஞ்சம் ஏறும் என்பதும் தெரியும். அவளும் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள்தான். முகத்தைப் பார்த்து விலை சொல்வது அவளுக்குப் புதிதில்லை.

வீடு தி.நகரில், பர்கிட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். ரங்கநாதன் தெருப் பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த ராஜரத்தினம் கட்டிய வீடு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கொஞ்சம் கண்ணயர வீட்டுக்கு வருவார். தங்கபுஷ்பம் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காருவாள். கொரோனா இரண்டாம் அலையில் அவர் போனார். மகன் ராகேஷுக்கு வியாபாரத்தில் ஆசை இல்லை, கம்ப்யூட்டர் வேலை. கடையைச் செல்போன் கவர் விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். வாடகை மாதம் தவறாமல் வருகிறது. கல்லாதான் இல்லை.

சோலார் பேனல் போட்டது ராகேஷ்தான். அப்போது அவனும் மனைவி பூஜாவும் இந்த வீட்டில் மாடியில் இருந்தார்கள். மின்சாரக் கார் வாங்கப்போவதாகவும், கூடவே மொட்டை மாடியில் சோலார் போட்டால் இரண்டும் சேர்ந்து ஐந்து வருஷத்தில் போட்ட பணத்தைத் திருப்பிவிடும் என்றும், அதன் பிறகு இருபது வருஷம் வெயிலில் ஓடுகிற கார் என்றும் ஒரு மாலை டிவி திரையில் கணக்குப் போட்டுக் காட்டினான். பெட்ரோல் செலவு, மின்வாரிய பில், அரசு மானியம் எல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. தங்கபுஷ்பம் இரண்டே கேள்வி கேட்டாள். போடுகிற பணத்தை பாங்கில் வைத்திருந்தால் வந்திருக்கும் வட்டியைக் கழித்தாயா? பேனலைக் கழுவுகிற ஆள் கூலி எங்கே? முதலாவதைக் கழித்திருந்தான். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே சேர்த்தான். அதன் பிறகு அவள் சம்மதித்தாள்.

கணக்கில் தப்பு எதுவும் இல்லை. காரும் வீடும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதை மட்டும் எழுதாமலே எல்லாரும் உறுதி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் பூஜாவின் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலைக்கு மாறியது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களில் தினமும் போய் வர முடியவில்லை என்றார்கள். அதில் பொய்யில்லை. அடையாறில் ஒரு ஃபிளாட் பார்த்தார்கள். கார் அவர்களோடு போயிற்று. பேனல்கள் இங்கேயே நின்றன.

நான்கு ஏசிக்கும் ஒரு காருக்கும் கணக்குப் பண்ணிப் போட்ட மின்சாரத்தை ஒரு ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும் ஒரு டிவியும் தின்றுவிட முடியாது. மிச்சமெல்லாம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போனது. அதற்கு வாரியம் கழித்துக்கொடுப்பது சொற்பம். பில் வருகிற மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளிடம் எவ்வளவு என்று கேட்பார்கள். சொன்னால், கொடுத்து வைத்தவள் என்பார்கள்.

அப்படியே போயிருக்கும். காப்பாற்றியவர் சந்திரமௌலி என்று ஒருவர்.

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்ததில்லை. அடையாறு ஃபிளாட் அசோசியேஷனின் செயலாளர் அவர். கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தில் யாரும் சார்ஜிங் பாயிண்ட் போடக் கூடாது என்று தீர்மானமாக நின்றார். எங்கேயோ பாட்டரி தீப்பிடித்த வீடியோவை அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போட்டு, "நம்மாத்துக் குழந்தைகள் மேல தூங்கிண்டு இருக்கா, ஞாபகம் இருக்கட்டும்" என்று எழுதினாராம். ராகேஷ் அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினான். பொது இடத்தில் சார்ஜ் போட்டால் யூனிட்டுக்கு வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, பெட்ரோல் காரே வாங்கியிருக்கலாம் என்று அலுத்துக்கொண்டான். அப்புறம் அவனே வழியும் கண்டுபிடித்தான். அம்மா வீட்டு மொட்டை மாடியில் வெயில் சும்மா போகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் இலவசம்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. தங்கபுஷ்பம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது தன் வீட்டுக்காரரின் படத்தைக் கும்பிட்ட கையோடு, முகம் தெரியாத சந்திரமௌலியின் ஆயுசுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

கார் நிறுத்துமிடத்துச் சுவரில் ஒரு பழைய பதினைந்து ஆம்ப்ஸ் பாயிண்ட் இருந்தது. முன்பு இட்லி மாவுக் கிரைண்டருக்குப் போட்டது. காரோடு வந்த ஒயரை அதில் செருகினால் மெதுவாக ஏறும். காலையில் செருகினால் எடுக்க மாலையாகிவிடும். அதற்குள் என்ன செய்வது? வந்தவர்கள் சாப்பிட்டாக வேண்டும். பூஜா பாண்டி பஜாருக்கு நடந்துபோய், வாங்கிய துணி எதையாவது மாற்றிக்கொண்டு வருவாள். ராகேஷ் கூடத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்குவான். பள்ளிக்கூடம் போன நாட்களில் தூங்கிய அதே இடம், அதே வாய் திறந்த தூக்கம். தங்கபுஷ்பம் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நாலரை மணிக்குக் காபி. அப்போதுதான் பேச்சு வரும். கடையில் அப்பா அடித்த கூத்துகள், பூஜாவின் மேலதிகாரி, வீட்டுக்கடன் தவணை. வெயில் தாழ்கிற நேரத்தில் அவன் எழுந்துபோய்க் காரில் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று எண்ணைப் பார்ப்பான். எண்பதைத் தாண்டியிருந்தால் போதும். ஒயரைச் சுருட்டுவான்.

மழைக்காலத்தில் இன்னும் மெதுவாகும் என்று அவள் நினைத்திருந்தாள். அது தவறு என்று ராகேஷ் சொன்னான். வெயில் இல்லாவிட்டால் வாரிய மின்சாரத்தில் ஏறும், வேகம் அதேதான். "அப்ப மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையா" என்று கேட்டுக்கொண்டாள்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜா நான்காவது முறையாகக் கொட்டாவி விட்டாள். அதை மறைக்கப் பார்த்தாள், பாவம், நல்ல பெண். ராகேஷ் காருக்குப் போய்விட்டு வந்து, "இன்னும் அறுபதே வரலைம்மா. ஒரு நாள் முழுசா இதுலயே போயிடுது" என்றான்.

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. ராஜரத்தினம் கடையில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். வாங்க வந்தவரைக் காக்க வைப்பதைப் பொறுக்கமாட்டார். எடை போடுகிறவன் தாமதித்தால் இவரே எழுந்துபோய்ப் போடுவார். ஆடித் தள்ளுபடியில் எத்தனை கூட்டமானாலும், சாமானைக் கையில் எடுத்தவர் பில்லுக்கு நிற்கக் கூடாது. நிற்க வைத்த கடைக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அவளுடைய எண்ணமும் அதுதான்.

மறுநாளே சோலார் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கும் கரீமுல்லாவைக் கூப்பிட்டாள். பேனல் போட்ட நாளிலிருந்து பழக்கம். ராயப்பேட்டைக்காரர், வேலை செய்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். சீக்கிரம் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி என்ன விலை என்று கேட்டாள். வாரத்தில் ஒரு நாளைக்கு அது கட்டுபடியாகாது என்று ராகேஷ் முன்பே கணக்குப் போட்டுத் தள்ளியிருந்தான். பெட்டி, தடித்த ஒயர், வேலைக்கூலி எல்லாம் சேர்ந்து அரைப் பவுன் விலைகூட ஆகவில்லை. கடை வாடகையிலிருந்து கொடுத்தாள். மகனிடம் சொல்லவில்லை. வரட்டும், பார்க்கட்டும் என்றிருந்தாள்.

பார்த்தான். சுவரில் வெள்ளையாக, பச்சை விளக்கு எரிய, புதுப் பெட்டி. "அம்மா!" என்று அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். அவன் அப்படிச் செய்து நாளாகியிருந்தது. பூஜா பெட்டியைப் படம் எடுத்தாள். "அத்தை, நீங்க செம ஷார்ப்" என்றாள். தங்கபுஷ்பம் சமையலறைக்குள் போய் வஞ்சிரத்தில் மசாலா தடவினாள். வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

மீன் வறுத்து முடிப்பதற்குள் கார் ஏறிவிட்டது.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். கைகழுவியதும் போனார்கள். அடுத்த வாரம் பூஜாவின் தோழி வீட்டில் மதியச் சாப்பாடு இருந்தது. இப்போதுதான் அதற்கெல்லாம் போக முடிகிறது என்று பூஜா சந்தோஷமாகச் சொன்னாள். தங்கபுஷ்பம் குழம்பைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் ராகேஷ் மட்டும் வந்தான். கூடத்தில் உட்கார்ந்து போனில் யாரோடோ அலுவலக விஷயம் பேசினான். பேச்சு முடிவதும் கார் நிறைவதும் ஒன்றாக நடந்தன. எழுந்து, தட்டில் இருந்த ஒரு துண்டு மீனை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புரட்டாசி முழுக்க அப்படியே ஓடியது. புரட்டாசியில் தெருவே மீனை விட்டிருந்தது. சந்தில் வேறு யார் வீட்டிலும் வாசனை வராத மாதத்தில் அவள் மட்டும் அதிகாலையில் ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போனாள். தேவானை அளவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிலோ, அரை கிலோ ஆயிற்று. "பையன் இன்னாமா, டயட்டா?" என்றாள்.

ஐப்பசியில் கரீமுல்லா பேனல் கழுவ வந்தார். மழைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம். மாடியிலிருந்து இறங்கி வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டி மெதுவாகவும் ஓடுமா என்று கேட்டாள்.

கரீமுல்லா டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாமா நீ. ஊரே ஸ்பீடு பத்தலன்னு என் உசிர வாங்குது. நீ ஒருத்திதான் கொறைக்கச் சொல்ற."

"குறையுமா, குறையாதா? அதச் சொல்லுங்க."

"குறையும். பட்டன் கீது பாரு."

பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கிப் பிடித்தால் ஆம்ப்ஸ் எண் மாறியது. முப்பத்திரண்டு, இருபத்தைந்து, இருபது, பதினாறு, பத்து. கரீமுல்லா காரணம் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "என் பொண்ணு புருஷன் வீடு ஆவடி. டீசல் வண்டி. எனுக்கு இந்த வசதியும் இல்ல" என்றார்.

அந்த ஞாயிறு அவள் பத்தில் வைத்தாள். ஒரு கிலோ வாங்கினாள்.

அவர்கள் இருவருமே வந்தார்கள். சாப்பிட்டு முடித்தபோது காரில் சார்ஜ் முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றது. நாலு மணிக்கு ஐம்பதுகூட இல்லை. வீடு முன்போல இல்லை. ராகேஷ் தூங்கவில்லை. நிமிஷத்துக்கொருதரம் வாசலுக்குப் போய் வந்தான். பூஜாவுக்குத் தலைவலி; மாடிக்குப் போய்த் தங்கள் பழைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். காபி ஆறிப்போனது. தங்கபுஷ்பம் எதிர்பார்த்த ஞாயிற்றுக்கிழமை நேரத்தளவில் முழுதாகத் திரும்பி வந்திருந்தது. அதற்குள்ளே இருந்தது எதுவும் கூட வரவில்லை.

ராகேஷ் கரீமுல்லாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். தங்கபுஷ்பம் சமையலறை வாசலில் நின்றாள்.

"அது சார், லைன்ல வோல்டேஜ் டல்லா கீது. அந்த ஏரியா ஃபுல்லா இப்ப அப்டித்தான். நான் வந்து பாக்கறேன்" என்றார் கரீமுல்லா.

அந்தப் பொய் அவளைக் காப்பாற்ற வந்த பொய். ஆனால் ராகேஷ் போனை வைத்துவிட்டுச் சொன்னது வேறு. சந்திரமௌலி இறங்கி வந்துவிட்டார். அவர் பிள்ளை அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டான். இப்போது தீப்பிடிக்கும் வீடியோ எதுவும் வருவதில்லை. வேண்டுகிறவர்கள் பணம் கட்டித் தனி மீட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. "ஆளுக்கு ஒண்ணேகால் லட்சம் வருதும்மா, கேபிளுக்கே. இங்க மூணு மணி நேரத்துல ஏறுதே, எதுக்கு அதுன்னு இருந்தேன். இப்படி இழுத்தா அதையே பண்ணிடலாம்."

அவர்கள் போகும்போது இருட்டியிருந்தது.

அந்த வாரம் தங்கபுஷ்பம் கல்லாவில் உட்கார்ந்த நாட்களில் யோசித்தது போல யோசித்தாள். ஒரு சாமானுக்கு விலை வைப்பதில் இரண்டு பக்கமும் பள்ளம். ஏற்றி வைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இறக்கி வைத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், உனக்கு ஒன்றும் நிற்காது. நடுவில் ஒரு இடம் இருக்கும். அவர்களுக்கும் வலிக்காமல், நமக்கும் கொஞ்சம் நிற்கிற இடம். புதிதாக ஒரு அடுக்கு, ஒரு குடம் வந்தால் ராஜரத்தினம் அந்த இடத்தைத் தேடி இரண்டு நாள் பேசாமல் இருப்பார். அவளிடம் ஒரு விலை சொல்வார். அவள் முகத்தைப் பார்த்து மாற்றுவார்.

முப்பத்திரண்டு என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் ஏறிவிடுகிறது. பத்து என்றால் சலிப்பு. பதினாறு பழைய கிரைண்டர் பாயிண்ட் மாதிரிதான், அதற்கே பூஜா கொட்டாவி விட்டாள். இருபது என்றால் சாப்பாடு முடியும், ஒரு தூக்கம் வரும், எழுந்ததும் ஒரு காபி குடிக்கலாம். அதற்குள் ஏறிவிடும். மூன்று மணிவாக்கில் விட்டுவிடலாம். அவர்களுக்கு மாலை முழுதும் மிச்சம்.

இருபதில் வைத்தாள். கரீமுல்லா வந்து சரி செய்துவிட்டதாக ராகேஷிடம் போனில் சொன்னாள்.

அவன் தனியாகத்தான் வந்தான். ஒயரைச் செருகிவிட்டுப் பெட்டியின் முன்னால் நின்றான். போனைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். தங்கபுஷ்பம் வாசல் படியில் நின்றிருந்தாள்.

"இருபதுல நிக்குதும்மா. கரீமுல்லா சரி பண்ணிட்டார்னியே?"

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பிறகு பல நாள் யோசித்தாள். வோல்டேஜ் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் கடையில் அவள் முகத்துக்கு நேரே பொய் விலை சொன்னதில்லை.

"நாந்தாம்யா இருபதுல வச்சேன்."

"எதுக்கு?"

"சாப்டுட்டுப் போவேன்னு."

ராகேஷ் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். மறுபடி எடுத்தான். "போன வாரமும் நீதானா?"

"அது பத்து. அது தப்பு. நானே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா இருந்துருப்பியா?"

பக்கத்து மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு அவன் உள்ளே வந்து கைகழுவி உட்கார்ந்தான். இரண்டு முறை குழம்பு விட்டுக்கொண்டான், மூன்று துண்டு மீன் சாப்பிட்டான். போன் இரண்டு தரம் அடித்தது, எடுக்கவில்லை. கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தானே தவிர, தூங்கவில்லை என்பது அவன் வாய் மூடியிருந்ததில் தெரிந்தது. அவள் கால்மாட்டில் உட்காரவில்லை. சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காபி குடிக்கும்போதுதான் சொன்னான்.

"அங்க பணம் கட்டிட்டேன்மா. புதன்கிழமையே கட்டியாச்சு. பொங்கல் முடிஞ்சதும் லைன் வந்துரும்."

"சரிய்யா."

"அதுக்காக வராம இருப்பேனா? நான் என்ன சார்ஜுக்காகவா வர்றேன்? வருவேன்மா."

"வா" என்றாள்.

சாமானைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்குகிற எல்லோரும் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. சொல்லும்போது வருவதாகத்தான் நினைக்கிறார்கள். சிலர் வரவும் செய்வார்கள். எத்தனை பேர் என்று ராஜரத்தினம் ஒருபோதும் எண்ணியதில்லை. எண்ணினால் அடுத்தவரிடம் சிரிக்க முடியாது என்பார்.

மார்கழி முடியும் வரை அவன் வந்தான். பெட்டி இருபதிலேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை, அவளும் தொடவில்லை. சாப்பிட்டான், காபி குடித்தான், போனான். இரண்டு முறை பூஜாவும் வந்தாள். பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவன் இப்போது ஒருமுறைகூட வாசலுக்குப் போய் எண்ணைப் பார்ப்பதில்லை என்பதை அவள் கவனித்தாள். பழைய நாட்களில் பார்த்துவிட்டு வந்து அலுத்துக்கொண்டானே, அந்த அலுப்பே தேவலை என்று தோன்றியது. விருந்தாளிதான் கடிகாரம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான்.

பொங்கலுக்கு வந்தார்கள். அந்த வாரமே அடையாறில் லைன் வந்துவிட்டது. ராகேஷ் படம் அனுப்பியிருந்தான்: தூணில் ஒரு பெட்டி, பச்சை விளக்கு, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். இவர்தான் சந்திரமௌலி என்று எழுதியிருந்தான். தங்கபுஷ்பம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிட ஒல்லியான மனிதர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்துவிட்டாள். ஆட்டோ கூவத்துப் பாலத்தைத் தாண்டும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளை இழுக்கிற சத்தம். தேவானை ஒரு முழு வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"ராத்திரி வந்தது, கண்ணப் பாரு. எவ்ளோ போடட்டும்?"

தங்கபுஷ்பம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை வைத்து இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நேற்று மாலை அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வருகிறேன் என்பான், கேட்டதற்காக வருவான். பின்னால் ஒருவர் இடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"இன்னாமா, ரோசன பண்ணிக்கினே நிக்கற. பையன் வர்றானா, இல்லியா?"

"ஒரு கிலோ போடு" என்றாள் தங்கபுஷ்பம்.

"வர்றான்னு சொல்லு."

"ஒரு கிலோ போடு தேவானை."

தேவானை அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு விலையில் பத்து ரூபாய் குறைத்துச் சொன்னாள். தங்கபுஷ்பத்துக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பழைய விலையையே எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

குழம்பு கொதித்து இறங்கியது. மீன் வறுபட்டது. வெயில் ஏறி, மாடியில் பேனல்கள் சூடாகிற நேரம் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. ராகேஷ்தான். பூஜாவின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்களாம், கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், அடுத்த வாரம் கண்டிப்பாக. பின்னணியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லய்யா. அவங்கள நான் கேட்டேன்னு சொல்லு."

"சாப்டியாம்மா?"

"இப்பத்தாம் இலை போடப் போறேன்."

போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மிச்சத்தை எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினாள். பிறகு, கரீமுல்லாவைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கழற்றி விற்க முடியுமா என்று கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். ஒரு வருஷம் நகராத சாமானைக் கடையில் வைத்திருக்கக் கூடாது, எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்பது ராஜரத்தினத்தின் சட்டம். அவர் இருந்திருந்தால் நாளைக்கே கழற்றியிருப்பார்.

போனை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கார் நிறுத்துமிடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடியில் விழுகிற வெயிலெல்லாம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் கைவைத்துப் பொத்தானைத் தேடி அமுக்கிப் பிடித்தாள். இருபது, பதினாறு, பத்து, பிறகு மறுபடி மேலே. முப்பத்திரண்டில் விட்டாள்.

என்றைக்காவது அந்த வழியாகப் போகும்போது அவசரத்தில் வந்தான் என்றால், காத்திருக்க வேண்டாம்.